பூட்டிவிட்டுப் போனால் போதுமாம்!

ஏப்ரல் பாதி கடந்தால் அரிசோனாவின் நெடுஞ்சாலைகளில் வடக்கு நோக்கி ஓர் ஊர்வலம் கிளம்பும். குளிர்காலம் முழுக்க யூமாவிலும் மேசாவிலும் குவார்ட்ஸைட்டிலும் வெயில் காய்ந்த பெரியவர்கள் மின்னசோட்டாவுக்கும் ஆல்பர்ட்டாவுக்கும் வீடு திரும்பும் நேரம் அது. பனிக்குப் பயந்து தெற்கே வருவதால் இவர்களை இங்கே ‘ஸ்னோபேர்ட்’ என்பார்கள். சிலர் தங்கள் மோட்டார் ஹோமை ஓட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேர்வார்கள். மற்றவர்கள் அதை இங்கேயே ஏதாவது ஒரு ஸ்டோரேஜ் யார்டில் நிறுத்திவிட்டு விமானம் ஏறுவார்கள். அப்படி நிறுத்துகிறவரிடம், ‘கோடைக்கு வண்டியை என்ன செய்து வைத்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு பதில்: ‘என்ன செய்ய வேண்டும்? இங்கே என்ன தண்ணீர் உறையவா போகிறது? பூட்டினேன், கிளம்பினேன்.’

இதே பதிலை யார்டுக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பழைய வண்டியை விற்றவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாண்ட்லரில் எங்கள் தெருவிலேயே வண்டி வைத்திருக்கும் இரண்டு தமிழ் நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நாலு பேர் ஒரே குரலில் சொல்கிறார்களே என்று நானும் முதல் வருஷம் நம்பினேன். இன்று என் கட்சி வேறு. நிறுத்திவைத்த மோட்டார் ஹோமுக்கு உறைபனியைவிடப் பாலைவனக் கோடை பொல்லாதது. எங்கே அதிகம் மெனக்கெட வேண்டுமோ அங்கேதான் எல்லோரும் கையை வீசிக்கொண்டு போகிறார்கள்.

‘பூட்டினேன், கிளம்பினேன்’ என்கிறவர்கள் சோம்பேறிகளாக இருந்தால் விட்டுவிடலாம். இதே மின்னசோட்டாக்காரர் தன் ஊரில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் ஒரு முழு நாளை அதற்கென்று ஒதுக்குவார். தண்ணீர்த் தொட்டியை வடிப்பார், ஹீட்டரை வடிப்பார், கம்ப்ரசர் வைத்துக் குழாய்களில் காற்றடிப்பார், எஞ்சிய ஈரத்துக்கு இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸை ஓட்டிவிடுவார். இந்தச் சடங்குக்கு ‘வின்டரைஸ்’ என்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறது. கோடைக்கு அப்படி எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் கிடையாது. பெயரே இல்லாத வேலையை யார் நினைவு வைத்துச் செய்வார்கள்?

ஏன் அப்படி என்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். அமெரிக்காவின் மோட்டார் ஹோம் உள்ளிட்ட ஆர்.வி. வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. அந்த வண்டிகளைச் செய்யும் வின்னபேகோ கம்பெனி 1958இல் பிறந்தது அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில். இரண்டுமே ஜனவரியில் வாயைத் திறந்தால் புகை வரும் ஊர்கள். அங்கே உட்கார்ந்து கையேடு எழுதுகிறவருக்கு எதிரி யார் என்பதில் சந்தேகமே வராது. என் வண்டியோடு வந்த கையேட்டில் குளிர்காலத்துக்கு ஒன்பது பக்கம். வெயிலில் நிறுத்துவதற்கு ஒரே ஒரு பத்தி, அதிலும் பாதி ‘உங்கள் டீலரை அணுகவும்’.

குவார்ட்ஸைட் இடுகாட்டில் ஒரு குட்டிப் பிரமிடு இருக்கிறது, உச்சியில் செம்பில் ஓர் ஒட்டகம். அதன் கீழே இருப்பவர் ஹாஜி அலி; இந்த ஊர் நாக்குக்கு அவர் ‘ஹை ஜாலி’. 1856இல் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தைக் கடக்க ஒட்டகங்களைக் கப்பலேற்றி வரவழைத்தபோது கூட வந்தவர். அந்தத் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது என்பது வேறு கதை. ஆனால் வடக்கில் பழகிய ஏற்பாடு இங்கே அப்படியே செல்லாது என்பது அன்றைக்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்தப் பிரமிடுக்குப் பக்கத்தில் குளிர்காலமெல்லாம் வண்டி போட்டுத் தங்குகிறவர்களுக்குத்தான் தோன்றவில்லை.

உறைபனி செய்கிற குற்றம் வெளிப்படையானது. ஒரே ராத்திரியில் குழாயை வெடிக்க வைக்கும், வசந்தத்தில் தரையெல்லாம் தண்ணீராக்கும், பிளம்பரின் பில்லைக் கையில் கொடுத்துவிடும். திருடன் கையும் களவுமாகப் பிடிபடுகிறான். வெயில் கறையான் மாதிரி. டயரின் பக்கவாட்டில் மயிரிழை விரிசல், கூரைப் பசையில் ஒரு கீறல், பேட்டரியின் உயிரில் ஒரு பங்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மூன்றாம் வருஷம் டயர் வெடித்தால் டயரைத் திட்டுகிறோம். கூரை ஒழுகினால் வண்டி செய்தவனைத் திட்டுகிறோம். வெயிலின் பெயர் எந்த பில்லிலும் ஏறுவதில்லை.

எவ்வளவு வெயில் என்று தெரியாதவர்களுக்காக: 2023 ஜூன் 30 தொடங்கி 31 நாள் ஃபீனிக்ஸில் பகல் உச்சம் 110 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. 1990 ஜூன் 26இல் 50 டிகிரியைத் தொட்டது. இதெல்லாம் நிழலில் எடுத்த அளவு. உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தெர்மாமீட்டர் ஒன்றைப் போன கோடையில் என் வண்டிக்குள் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அக்டோபரில் எடுத்துப் பார்த்தபோது 61 என்று நின்றிருந்தது. ஸ்ப்ரே டப்பாக்களின் முதுகில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருப்பார்கள். அடுப்புப் பக்கத்துச் சுவரில் தொங்கும் தீயணைப்பானுக்கும் ஏறத்தாழ அதே வரம்புதான்.

அந்த ஸ்ப்ரே டப்பா எனக்குச் சொந்த அனுபவம். முதல் வருஷம் ஊர் பேச்சைக் கேட்டுப் பூட்டிவிட்டு, பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு மதுரைக்குப் போனோம். ஆகஸ்டில் யார்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் முகத்தில் அறைந்தது சாக்கடை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனால் கால் வழுக்கியது. தோசைக்கல்லுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே மேல் அலமாரியில் வெடித்து, அலமாரிக் கதவு, மெத்தை, தரை எல்லாவற்றிலும் மெல்லிய படலமாக எண்ணெய். அதன்மேல் புழுதிப் புயலின் தூசி படிந்து, வண்டிக்கே சந்தனக்காப்பு சாத்தியது போல இருந்தது. பேட்டரி முழுப்பிணம். குளிர்பெட்டிக்குள் கறுப்புப் பூசணம். ‘நெருப்பு வெயிலில் பூசணம் எப்படி வரும்?’ என்று என் மனைவி கேட்டாள். வெளியேதான் பாலைவனம். ஐஸ் உருகிய ஈரத்தோடு கதவைச் சாத்திவைத்த பெட்டிக்குள் மழைக்காலம்.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் இதுதான்: பாலைவனக் காற்று வறண்டது, துருப்பிடிக்காது, அதனால்தான் விமானப்படையே தன் பழைய விமானங்களை டூசானில் கொண்டுவந்து நிறுத்துகிறது! டேவிஸ்-மொந்தன் தளத்தைச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருஷமான 1946 முதல் விமானங்களை அடுக்கிவைத்திருக்கும் இடம். மண் கெட்டியானது, சிமென்ட் போடாமலே நிறுத்தலாம், மழை குறைவு. எல்லாம் உண்மை. ஆனால் அங்கே யாராவது விமானத்தைக் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போகிறார்களா?

வந்த விமானத்தில் இருந்து முதலில் துப்பாக்கிகளையும், விமானியை வெளியே தூக்கியெறியும் இருக்கையின் வெடிமருந்தையும் கழற்றுகிறார்கள். எரிபொருளை முழுக்க வடிக்கிறார்கள். அந்தக் குழாய்களில் மெல்லிய எண்ணெயை நிரப்பி, அதையும் வடித்து, உள்சுவரில் ஒரு படலம் ஒட்டியிருக்கும்படி விடுகிறார்கள். கழுவி, திறப்புகளையும் இடுக்குகளையும் நாடா ஒட்டி அடைக்கிறார்கள். மேற்பகுதிகளிலும் கண்ணாடிகளிலும் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை வினைல் பூச்சைத் தெளிக்கிறார்கள். பூச்சு இல்லாவிட்டால் உள்ளே சுடும் சூடு சாதனங்களைத் தின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. பிறகும் அவ்வப்போது வந்து பார்க்கிறார்கள். எண்ணெய் ஸ்ப்ரேயை வெளியே எடு, கண்ணாடியை வெளிப்பக்கமாக மூடு, இடுக்கை அடை, நடுவில் யாராவது எட்டிப் பார்க்கட்டும் என்று நான் தொண்டை வற்றச் சொல்வதும் இதே வேலைதான். உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறார்.

அதோடு, வறட்சி துருவுக்குத்தான் எதிரி. மோட்டார் ஹோமில் இரும்பு எவ்வளவு? ரப்பர், பிளாஸ்டிக், பசை, பிளைவுட், வினைல்: இவைதான் அந்த வீடு. இவை எல்லாமே வறட்சியில் சுருங்கும், வெயிலில் பொடியும்.

அந்தச் சாக்கடை நாற்றம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சிங்க்குக்குக் கீழே குழாய் ஒரு வளைவு வளைந்து போகும், பி-டிராப். அந்த வளைவில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் நின்று, கழிவுத் தொட்டியின் வாயு மேலே ஏறாமல் அடைத்துக்கொண்டிருக்கும். இந்த ஊர் வெயிலில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். அடைப்பு போனதும் கீழே இருக்கும் தொட்டி நேராக உங்கள் சமையலறைக்குள் மூச்சுவிடும். டாய்லெட்டின் ரப்பர் வாஷரும் காய்ந்து விறைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதற்கு மருந்து என்ன தெரியுமா? மின்னசோட்டாக்காரர் குளிருக்காக ஊற்றும் அதே இளஞ்சிவப்புத் திரவம். அதில் இருக்கும் புரொப்பலீன் கிளைக்கால் தண்ணீர் போல ஓடிவிடாது, மெல்லத்தான் ஆவியாகும். ஒவ்வொரு சிங்க்கிலும் ஷவரிலும் ஒரு குவளை, டாய்லெட் கிண்ணத்தில் இரண்டு குவளை. 45 டிகிரி வெயிலில் ஆன்டிஃப்ரீஸ் வாங்கப் போனால் கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

ஊற்றுவதற்கு முன் கழிவுத் தொட்டியைக் காலி செய்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். அரைகுறையாக விட்ட கழிவு கோடை முடிவதற்குள் சிமென்டாகிவிடும். அதற்குமேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல தண்ணீர்த் தொட்டியையும் ஹீட்டரையும் வடித்துவிட வேண்டும். ‘உறையாத ஊரில் ஏன் வடிக்க வேண்டும்’ என்பவருக்கு: 25 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய வெதுவெதுப்பில்தான் லெஜியோனெல்லா கிருமி செழிக்கும். கோடையில் உங்கள் தொட்டி அந்தக் கிருமிக்குக் கட்டிக்கொடுத்த கல்யாண மண்டபம்.

பேட்டரிக்கு வருவோம். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் இழக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். இது போதாதென்று கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் இரவும் பகலும் அதில் பால் குடித்துக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் மெயின் சுவிட்சை அணைத்தாலும் அலாரம் அணையாது, நேராக இணைத்திருப்பார்கள். நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுவதுதான் உறுதி. காலியான பேட்டரி வெயிலில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, பிறகு எந்த சார்ஜருக்கும் எழுந்திருக்காது.

‘கரண்டில் மாட்டியே வைத்துவிட்டால்?’ என்று கேட்பார்கள். பழைய சார்ஜராக இருந்தால் அது மாதக்கணக்கில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தகடுகளை வெளியே காட்டிவிடும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் முழு சார்ஜ் ஏற்றிக் கழற்றுங்கள். லித்தியத்துக்கு நேர்மாறு, முழுசாக ஏற்றி வெயிலில் விட்டால் அதற்கு வயசு ஏறும், பாதியளவில் நிறுத்துவது நல்லது.

டயரில் பூ தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடுவது மோட்டார் ஹோமின் தலைவிதி. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்த டயர். பூ புதுசாக இருக்கிறதே என்று அதை நம்பி ஐ-10 சாலையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணி உறை நாலு சக்கரத்துக்கும் மாட்டி, கீழே பிளைவுட் துண்டு போட்டு, குறித்த அளவு காற்று நிரப்பிவிட்டுப் போக அரை மணி நேரம் ஆகாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் ஏதோ செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறவர்கள். செய்வது என்னவென்றால் நீலத் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டுவது. ஜூலையில் பருவக்காற்றின் புயல் வரும்போது பாருங்கள். ஹபூப் என்று அரபுப் பெயரிலேயே அழைக்கிறார்கள், மைல் கணக்கில் சுவராக எழும்பி வரும் புழுதி. அந்தக் காற்றில் தார்ப்பாய் இரவெல்லாம் அடித்துக்கொண்டு, நடுவில் சிக்கிய மணலை வைத்து வண்டியின் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும். செப்டம்பரில் தார்ப்பாய் நாராகத் தொங்கும். பணம் செலவழிப்பதாக இருந்தால் மேலே கூரை போட்ட யார்டுக்குச் செலவழியுங்கள்.

கூரைக்கு வழியில்லாவிட்டால் கண்ணாடிகளுக்காவது வெளிப்பக்கம் மறைப்பு வேண்டும். உள்பக்கம் பளபள அட்டையைச் செருகுவது, விருந்தாளி பந்தியில் உட்கார்ந்த பிறகு வாசல் கதவைச் சாத்துவது மாதிரி. கூரைக் காற்றுத் துவாரத்துக்கு மழை நுழையாத மூடி போட்டு ஓர் அங்குலம் திறந்து வைக்கலாமா என்பதில் எனக்கும் நண்பர்களுக்கும் ஓயாத சண்டை. தூசி வரும்தான். தூசியைத் துடைக்கலாம், சூட்டில் உரிந்து சுருண்ட வெனீரை ஒட்ட முடியாது என்பது என் தீர்ப்பு.

அதே கூரையில் துவாரங்களைச் சுற்றிப் பூசிய பசையை ஏப்ரலிலேயே ஏறிப் பார்த்துவிட வேண்டும். ஃபீனிக்ஸில் வருஷத்துக்கே 7 அங்குலம் மழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு நல்ல பங்கு, மூன்று மாதம் வெயிலில் வெந்து பசை வெடித்த பிறகு, ஜூலையிலும் ஆகஸ்டிலும் அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும்.

எலியை மறந்துவிட்டேன். பேக்ராட் என்று ஒரு காட்டெலி. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக் கூடு கட்டும். என் நண்பர் ஒருவர் அக்டோபரில் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் பானட்டைத் திறந்தார். எஞ்சின்மேல் ஒரு கூடை அளவு ‘சோயா’ என்ற கள்ளியின் முள், நடுவில் மெத்தென்று காப்புத்துணியின் பஞ்சு, சுற்றிலும் கடித்துத் துப்பிய ஒயர்த் துணுக்குகள். டூசான் பக்கத்தில் பலர் பானட்டைத் தூக்கியே நிறுத்துவார்கள். வெளிச்சம் படும் இடத்தில் அது குடியேறத் தயங்கும். குளிர்காலக் கையேட்டில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பெட்ரோலுக்கு ஸ்டெபிலைசர் ஊற்றி ஜெனரேட்டரையும் கொஞ்ச நேரம் ஓட்டுவது, கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுவது, குளிர்பெட்டிக் கதவில் ஒரு துண்டை மடித்துச் செருகுவது எல்லாம் பூட்டுகிற அன்றே முடிகிற காரியம்.

‘ஏ.சி.யை 30இல் ஓடவிட்டுப் போகிறேன்’ என்பவர்களோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை, வாரம் ஒருமுறை வந்து பார்க்க ஆள் இருந்தால். இல்லாவிட்டால் புயலில் கரண்ட் போகும் முதல் நாளோடு அந்த ஏற்பாடு முடிந்தது. உங்களுக்கு அது அக்டோபரில்தான் தெரியும்.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது, எல்லோருக்கும் பிடித்த வாதம்: ‘பத்து வருஷமாக அப்படியேதான் விடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.’ இதைச் சொன்ன ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பத்து வருஷத்தில் நாலு தடவை பேட்டரி, இரண்டு தடவை ஆறு டயர், ஒரு முறை கூரை. ‘அதெல்லாம் சாதாரணச் செலவு தம்பி’ என்றார்.

என் பக்கமும் ஒரு பலவீனம் உண்டு, சொல்லிவிடுகிறேன். மரச் சாமான் சுருங்காமல் இருக்க வண்டிக்குள் ஒரு வாளித் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது யூமாவின் பழைய ஆட்கள் சொல்லும் வைத்தியம். சித்திரை வெயிலில் மரம் சுருங்கி வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா கழன்று ஆடும்போது, என் தாத்தா கண்மாயில் மிச்சமிருக்கும் தண்ணீரில் சக்கரத்தை இறக்கி ஊறப்போடுவார். அந்த நினைவில் நானும் வைக்கிறேன். துவாரத்தையும் திறந்துவைத்துவிட்டு வாளியும் வைத்தால் ஈரம் எங்கே தங்கும் என்று என் மனைவி கேட்கிறாள், நியாயமான கேள்வி. போன அக்டோபரில் வாளியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியிலிருந்து விளிம்புவரை வளையம் வளையமாக வெள்ளை உப்பு படிந்திருந்தது. சுரண்டிக் கழுவி, சிங்க்குக்குக் கீழே இளஞ்சிவப்பு கேனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஏப்ரலுக்கு.